அப்பா நடத்திய கோதுமை செக்கிங்

"இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு துகள் கோதுமைகூட டிக்கெட் இல்லாம ஏற முடியாது!"

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைச் சாப்பாட்டு மேஜையில் ஓங்கி அடித்து அப்பா இப்படி அறிவித்தார். அடித்த அடியில் டம்ளர் சாய்ந்து தண்ணீர் என் தட்டுக்குள் ஓடியது. யாரும் கவனிக்கவில்லை.

அப்பா பஸ்ஸில் டிக்கெட் செக்கர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால்கூட, உள்ளே உட்கார்ந்திருக்கும் கத்தரிக்காயை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மூடுவார்.

அவருக்கு சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அது மாவை ஒட்டவைக்கிற சமாச்சாரம். அப்பாவுக்கு உள்ளே போனால் அவர் உடம்பே அவர் குடலைப் பிறாண்டிவிடும். ஒரு ரொட்டித் துணுக்கு போதும். போன வருஷம்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால் எதைத் தின்றாலும் வயிறு உப்பி, ஆள் இளைத்து, ஃபைன் போடப் போனால் டிக்கெட் எடுக்காதவனே எழுந்து "நீங்க உக்காருங்க சார்" என்று இடம் கொடுக்கிற நிலைமை.

அம்மா ஒரே நாளில் சமையலறையைப் புரட்டிப்போட்டாள். அவள் முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைப்பவள். அப்பாவின் கரண்டி, சல்லடை, வாணலி எல்லாவற்றின் காதிலும் சிவப்பு நூல் கட்டிவிட்டாள். சிவப்பு நூல் கட்டியதை நான் தொடக்கூடாது. எனக்கு பன் தின்ன வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். தின்றுவிட்டுக் கை கழுவி, வாய் கொப்பளித்து, சட்டையை உதறிவிட்டுத்தான் கீழே இறங்கலாம். கொலை செய்தவன்கூட இவ்வளவு தடயம் அழிக்க மாட்டான்.

இத்தனைக்குப் பிறகும் ரிப்போர்ட்டில், குளூட்டன் உள்ளே போவதைக் காட்டிக்கொடுக்கிற நம்பர் இறங்கவில்லை. "எங்கேயிருந்தோ உள்ள போயிட்டிருக்கு. தேடிப் பிடிங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பா வருத்தப்பட்டிருக்க வேண்டும். ஆனால் முகத்தில் தெரிந்தது சந்தோஷம். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

சித்திக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து முதல் குழந்தை. அம்மாவை விட்டால் அவளுக்குப் பிறந்த வீடு என்று யாரும் கிடையாது. அம்மா போகத் துடித்தாள். அப்பாவுக்கு அனுப்ப மனசில்லை. காரணம் பாசம் என்று அவர் சொல்வார். காரணம் சோறு.

"பாத்தியா? நீ இங்க இருக்கும்போதே நம்பர் எறங்கல. நீ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா என் கதி என்ன?"

அம்மா யாருடைய பாவாடைக்கோ விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். உதட்டில் குண்டூசிகள். வாயில் குண்டூசி இருக்கும் வரை அம்மா பேச மாட்டாள். இந்த வீட்டில் அதுதான் பாதுகாப்பான நேரம்.

"பேசு. போகணும்னு தோணுதா? புருஷன் குடல் முக்கியமா, தங்கச்சி குழந்தை முக்கியமா?"

குண்டூசிகள் அசையவில்லை. அப்பா ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இன்னொரு கை சோறு போட்டுக்கொண்டார்.

மறுநாள் சாயந்திரம் அம்மா அப்பாவின் யூனிஃபார்ம் கோட்டுக்குக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று மெஷினை நிறுத்தினாள். வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுப் பொதியில் குத்தினாள். நான் பாத்ரூமுக்குள் போய்விடலாமா என்று யோசித்தேன்.

"என்னங்க."

"சொல்லு."

"கோதுமை எங்கேருந்து வருதுன்னு நீங்களே கண்டுபிடிங்க. நான் சமைக்கறதுல இருந்து வந்தா, நான் எங்கயும் போகல. இங்கயே கெடக்கறேன்."

அப்பாவின் கண் பளபளத்தது. "வேற எங்கேருந்தாவது வந்தா?"

"உங்க கையால நீங்களே உள்ள தள்றதா இருந்தா, நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். உங்களுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை வர்ற வரைக்கும் அங்கதான். நீங்களே பாத்து, நீங்களே வாங்கி, நீங்களே சமைச்சுக்கணும்."

"என் கையாலயா? நான் செக்கர்!"

"அப்போ பயம் எதுக்கு?"

"பயமா? எனக்கா? பாப்பா, நீ சாட்சி!"

எனக்குப் பசித்தது. "சரி, சாட்சி. சாப்பாடு எப்போ?" என்றேன்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு அப்பா செக்கிங் தொடங்கினார். யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டார். டார்ச் எடுத்துக்கொண்டார். பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தார்.

"ஏம்ப்பா பின்வாசல்?"

"முன்வாசல்ல ஏறினா டிக்கெட் இல்லாதவன் இறங்கிடுவான்."

"அப்பா, அது மசாலா டப்பா."

"உனக்குத் தொழில் தெரியாது, பாப்பா. கேட்டுக்கோ. டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சியில அது எழுதி ஒட்டியிருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிக்குவான். அவனைக் கேளு. பாஸ் வச்சிருக்கறவன் தினமும் பாக்கற மூஞ்சி. அவன் நம்ம ஆளு. அவனைக் கேட்டு நேரத்தை வீணாக்காதே."

முதலில் சோயா சாஸ் மாட்டியது. அப்பா அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார்.

"கறுப்பா, கள்ள முழி முழிக்குது. சாதாரண சோயா சாஸ்ல கோதுமை உண்டு. தெரியுமா உனக்கு?"

முன்னறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தெரியும். அது கோதுமை இல்லாத சாஸ். பின்னாடி படிங்க."

படித்தார். வைத்தார். பெருங்காய டப்பாவை எடுத்தார்.

"பெருங்காயத்தூள்! இதுல மாவு கலப்பான். ஊருக்கே தெரியும்!"

"ஊருக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். அது மாவு கலக்காதது. மூடியை ஒழுங்கா மூடுங்க, வீடே நாறும்."

"வினிகர்?"

"மால்ட் வினிகர் இல்ல. அரிசி வினிகர்."

"ஓட்ஸ்?"

"ஓட்ஸே வாங்கறதில்ல. கோதுமை அரைச்ச மெஷின்லயே அதையும் அரைக்கறான். அது என் தையல் நூல் டப்பா. ஓட்ஸ் படம் போட்டிருக்கு, அவ்வளவுதான்."

டப்பாவுக்குள் நூல்தான் இருந்தது. அப்பா ஒரு நூல்கண்டை முகர்ந்து பார்த்தார். அது எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மத்தியானத்துக்குள் ஊறுகாய், மிளகாய்ப்பொடி, ஐஸ்கிரீம், வெண்ணெய் எல்லாம் இறங்கி, டிக்கெட் காட்டி, மறுபடி ஏறிவிட்டன. அம்மா மெஷினை விட்டு எழவே இல்லை. அப்பா பற்பசைக்குப் போனார். கவர் ஒட்டுகிற பசைக்குப் போனார். என் லிப்ஸ்டிக்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"அதை நீங்க தின்னறீங்களா?" என்று கேட்டேன்.

"நீ பேசும்போது தெறிக்கலாம்."

"அப்போ நான் பேசல. நிம்மதி."

சாயந்திரம் அப்பா சோர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். அப்பா குரலைத் தாழ்த்தினால் கீழ்த்தரமான ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"பாப்பா, நீ வேலை பாக்கற கடையில எனக்கு ஒரு சாமான் வேணும்."

பள்ளிக்கூடம் முடித்ததும் நான் தெருமுக்கு சூப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். மேலே படிக்கவில்லையா என்று கேட்காதீர்கள். அப்பாவே கேட்டு ஓய்ந்துவிட்டார்.

"என்ன சாமான்?"

"குளூட்டன் இருக்கணும். ஆனா கோதுமைன்னு பெருசா போட்டிருக்கக் கூடாது. ஒளிஞ்சிருக்கணும். ஒரு பொம்பள ஏமாந்து வாங்கிட்ட மாதிரி இருக்கணும்."

"எதுக்கு?"

"அம்மா அலமாரியில வைக்கத்தான். நாளைக்கு மறுபடி செக்கிங். அப்போ நானே கண்டுபிடிப்பேன்."

"இது ஃபிராடுப்பா."

"இது குடும்பத்தைச் சேத்து வைக்கற முயற்சி. அம்மா போயிட்டா உனக்கு யார் சமைச்சுப் போடுவா? நானா?"

அப்பா ஒருமுறை முட்டை வேகவைத்தார். தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார். அந்த ஞாபகத்தில் எழுந்து போய் ஒரு காளான் சூப் பொடி வாங்கி வந்தேன். கோதுமை என்ற பேச்சே இல்லை. பொருட்கள் வரிசையின் வாலில், எறும்பு எழுத்தில், பார்லி மால்ட் என்று இருந்தது. அப்பா அதைத் தடவிக் கொடுத்தார். உளுந்து டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போய் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

அம்மா விளக்கேற்ற வந்தவள் மாதிரி மெதுவாக என் பக்கம் வந்தாள். "அப்பா என்ன வாங்கிட்டு வரச் சொன்னார்?"

"சூப் பொடி. உன் அலமாரியில வச்சு, நாளைக்குக் கண்டுபிடிக்கறதுக்கு."

என்னைத் துரோகி என்று நினைக்க வேண்டாம். அப்பா கேட்டார், வாங்கிக் கொடுத்தேன். அம்மா கேட்டாள், சொல்லிவிட்டேன். கேட்டால் சொல்லிவிடுவேன். பொய் சொன்னால் எதைச் சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

அம்மா கோபப்படவில்லை. சிரித்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"எடுக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம். இருந்த இடத்துலயே இருக்கட்டும். நாளைக்கு மேல்மாடி பிரேக்கையும் கூப்பிடச் சொல்லு. வெளியாள் ஒருத்தர் இருந்தா நல்லது."

பிரேக் என்பது மேல்மாடியில் இருக்கும் பஸ் டிரைவர். அப்பாவோடு ஒரே பஸ்ஸில் ஓடுபவர். யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் குறுக்கே விழுந்து நிறுத்துவார், அதனால் அந்தப் பெயர். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று நான் சொன்னதும், அது தன் யோசனைதான் என்று அப்பா நம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிரேக் மாமா பனியனோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா யூனிஃபார்மில். அம்மா தையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம். வாயில் ஊசி இல்லை. இதை அப்பா கவனித்திருக்க வேண்டும்.

அலமாரிக்குள் கையை விட்டுத் துழாவிய அப்பா, "ஆஹா!" என்றார். அந்த ஆஹாவை விடியற்காலையிலிருந்து பாத்ரூமில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே கேட்டது.

"என்ன அண்ணே?" என்றார் பிரேக் மாமா.

"உளுந்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தான்! சூப் பொடி! பாரு, பார்லி மால்ட்!"

அம்மா கண்ணை அகல விரித்தாள். "ஐயையோ. அதுல கோதுமைன்னு இல்லையேங்க?"

"அங்கதான் நீ ஏமாந்த!" அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "மால்ட்னா என்ன? பார்லியை ஊறப்போட்டு, முளைக்க வச்சு, காய வச்சது. பார்லியில குளூட்டன் உண்டா இல்லையா? உண்டு! இதைப் போய் என் வயித்துல…"

"மால்ட்னா என்ன அண்ணே, அந்தப் பால்ல…" என்று பிரேக் மாமா குறுக்கே வந்தார்.

"அண்ணா, கொஞ்சம் இருங்க" என்றாள் அம்மா. "எனக்கு ஒண்ணு தெரியணும். துளிதானே கலந்திருக்கான்? அதுவும் தப்பா?"

"துளியா? துளியும் விஷம்தான்!"

"கூட அரிசி இருந்தா? அரிசி நல்லதுதானே?"

"அரிசியோட கலந்தாலும் பார்லி பார்லிதான். நல்லவன் பக்கத்துல உக்காந்துட்டா டிக்கெட் எடுக்காதவன் யோக்கியன் ஆயிடுவானா?"

"மேல இனிப்பு தடவியிருந்தா?"

"தங்கமே தடவினாலும் அதைத் தின்னறவன் முட்டாள்!"

"நல்லா கேட்டுக்குங்க அண்ணா" என்று அம்மா பிரேக் மாமாவிடம் சொல்லிவிட்டு, தையல் பெட்டியைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தாள்.

பளபளவென்று கொட்டியது. நீலமும் வெள்ளியுமாகச் சாக்லேட் உறைகள். மேஜையை மூடி, சில கீழேயும் விழுந்தன.

"அட!" பிரேக் மாமா ஒன்றைப் பொறுக்கினார். "நம்ம பொரியரிசி சாக்லேட்! அண்ணே, இது நீங்க டிரிப்புக்கு டிரிப்பு…"

"பிரேக், சும்மா இரு!"

"எனக்கும் பாதி தருவீங்களே!"

"உங்க கோட்டுப் பை உள்ள கிழிஞ்சிருந்துச்சு" என்றாள் அம்மா. "தைக்கலாம்னு பிரிச்சா, துணிக்கும் உள்துணிக்கும் நடுவுல இவ்வளவும் இருக்கு. பையில போட்டீங்க. அது ஓட்டை வழியா உள்ள இறங்கிடுச்சு. குப்பையைக் கீழ போடாத மனுஷன்னு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பின்னாடி படிச்சேன். நீங்களும் படிங்க."

"இது… இது அரிசிடி. பொரிச்ச அரிசி. அரிசிக்கு எதுக்கு…"

"படிங்க."

அப்பா டார்ச் அடித்துப் படித்தார். பட்டப்பகலில். அரிசி, சர்க்கரை, கோகோ. அப்புறம் உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமா."

"பார்லி மால்ட்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. ஒரு வருஷமாக அந்தச் சாக்லேட் பாஸ் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறது. செக்கர் தினமும் சலாம் போட்டிருக்கிறார்.

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "சரி, அது என் தப்பு. ஆனா சூப் பொடி? அது உன் அலமாரியில இருந்துச்சு! ரெண்டும் சரிக்குச் சரி!"

"பாப்பா, சூப் பொடி யார் வாங்கினது?"

"நான்தான்."

"யார் சொல்லி?"

"அப்பா."

"அடிப்பாவி!" என்றார் அப்பா. "சொல்லிட்டியா?"

"சொல்லாதேன்னு நீங்க சொல்லல. சீக்கிரம் வான்னுதான் சொன்னீங்க. சீக்கிரம் வந்தேன்."

பிரேக் மாமா அப்பாவைப் பார்த்து, "அண்ணே, நானா இருந்தா இங்கேயே இறங்கிடுவேன்" என்றார்.

அப்பா கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "அப்போ அது விஷம்னு தெரிஞ்சும் ரெண்டு நாளா என்னைத் தின்ன விட்டியா? நீயெல்லாம் ஒரு…"

"கோட்டைப் பிரிச்ச அன்னிக்கே பையில இருந்த சாக்லேட்டை எடுத்துட்டேன். பதிலுக்கு வறுத்த வேர்க்கடலை போட்டேன். பாக்கலையா?"

"பாத்தேன்." அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "நீ பாசத்துல வச்சேன்னு நெனச்சேன்."

"பாசத்துலதான் வச்சேன்" என்றாள் அம்மா. "நாளைக்குக் காலையில வண்டி."

அம்மா போனாள். துணியோடு தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு போனாள். அப்போதே அப்பா யோசித்திருக்க வேண்டும்.

அவள் போன அதே வாரத்தில் சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. இங்கே அப்பாவுக்குச் சமையல் பிறந்தது. அது பிரசவத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா இல்லாத பயத்தில் அவர் உண்மையாகவே எல்லாவற்றையும் செக் பண்ண ஆரம்பித்துவிட்டார். பாஸ் எல்லாம் ரத்து. எங்கள் கடைக்கு வந்து நடைவழியை அடைத்துக்கொண்டு ஒவ்வொரு பாக்கெட்டாகப் படிப்பார். பின்னால் தள்ளுவண்டிகள் வரிசையில் நிற்கும். "யார் அந்தாளு? உனக்குத் தெரியுமா?" என்று முதலாளி என்னிடம் கேட்டார். வேறு வழியில்லாமல், "எங்கப்பா" என்றேன். காய்கறிக்காரரிடம் போய்த் தக்காளியில் என்ன கலந்திருக்கிறது என்று விசாரித்திருக்கிறார். "தக்காளியில தக்காளிதான் சார் கலந்திருக்கு" என்றாராம் அவர்.

வயிறு உப்புவது நின்றது. கன்னத்தில் சதை போட்டது. முட்டைக்குத் தண்ணீர் ஊற்றவும் கற்றுக்கொண்டார்.

பரிசோதனை நாள் வந்தது. ரிப்போர்ட்டை நான்தான் வாங்கி வந்தேன். நம்பர் சரசரவென்று இறங்கியிருந்தது. அப்பா குதித்தார். பிறகு குதிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, எறங்கிடுச்சுன்னு சொன்னா, நீங்கதான் நல்லா இருக்கீங்களேன்னு அங்கேயே இருந்துடுவாளோ?"

"இருக்கலாம்."

"ஏறிடுச்சுன்னு சொன்னா ஓடி வந்துடுவா. இல்ல?"

ரிப்போர்ட்டை நான் ஏற்கெனவே போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தேன். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "உஷ்!" என்று அப்பா போனை எடுத்தார். சரி, உஷ்.

"ஏம்மா… ரிப்போர்ட் வந்துச்சு." செத்த வீட்டுக் குரல். "ஏறிடுச்சு."

"ஐயோ, ஏறிடுச்சா?" ஸ்பீக்கரில் அம்மா அலறினாள். "மறுபடி ஏறினா வாய் வழியா குழாய் விட்டுப் பாத்துடணும்னு டாக்டர் சொன்னாரே! நாளைக்கே போயிடுங்க. நான் இப்பவே அவருக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"குழாயா? இரு, இரு! வைக்காதே! நான்… கண்ணாடி போடாம படிச்சுட்டேன். எறங்கியிருக்கு. நல்லாவே எறங்கியிருக்கு!"

"எறங்கியிருக்கா? எனக்குத் தெரியும்ங்க! நான் இல்லாம எவ்வளவு அருமையா பாத்துக்கறீங்க! எனக்குக் கவலையே போச்சு. குழந்தை எழுந்து நடக்கட்டும், அதைப் பாத்துட்டு வந்துடறேன்."

போன் அணைந்தது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, அந்தக் குழந்தை குப்புறவாவது விழுந்துடுச்சா?"